பல்லாண்டுப் பூச்செடிப் பாத்தி, இங்கிலாந்து

சுவரையோ வேலியையோ ஒட்டி நீளவாக்கில் அமையும் தோட்டப் பாத்தி. குளிர்காலத்தில் மண்மட்டத்துக்கு மடிந்து, வசந்தத்தில் வேரடியிலிருந்து மீண்டும் தழைக்கும் செடிகளே இதில் வளர்க்கப்படுகின்றன. டெல்பினியம், ஹாலிஹாக், பல்லாண்டுச் சூரியகாந்தி என ஐந்தாறு அடி உயர்பவை பின்வரிசையில் நிற்கும். இதன் வரலாற்றை நிற ரசனையின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். ஆனால் உயரத்தைத் தாங்கி நிறுத்தத் தேவைப்பட்ட ஆள்வேலைக்கும் இதன் வடிவத்தைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு உண்டு.

தொடக்கம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. தோட்டக்கலை எழுத்தாளர் வில்லியம் ராபின்சனின் நூல்களிலிருந்து (1870, 1883) தொடங்குவோர் பலர். எனினும் செஷயரில் உள்ள ஆர்லி ஹாலின் இரட்டைப் பாத்திகள் 1846ஆம் ஆண்டு வரைபடத்திலேயே காணப்படுகின்றன. எனவே ராபின்சனைத் தோற்றுவித்தவர் என்பதைவிடப் பரப்பியவர் என்பதே பொருந்தும்.

மிக விரிவாகப் பதிவானது தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கிலின் (1843–1932) காலம். சர்ரேயில் மன்ஸ்டெட் வுட் இல்லத்தில் அவர் அமைத்த பாத்தி ஏறத்தாழ 200 அடி நீளம், 14 அடி அகலம். பின்னால் உயர்ந்த கற்சுவர். இரு முனைகளிலும் சாம்பல் இலைகளும் வெளிர்நிறப் பூக்களும். நடுவை நெருங்க நெருங்க மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. ஜீக்கில் ஓவியம் பயின்றவர், கிட்டப்பார்வை உடையவர். நிறங்களைத் திரளாகக் கண்டதற்குப் பார்வைக் குறைபாடும் காரணமாகலாம் என்பர் சிலர். 1908இல் வெளியான அவருடைய நூலில் நிறத்துக்கு இணையாகக் கைவேலையும் பேசப்படுகிறது. டெல்பினியம் பூத்து ஓய்ந்ததும், பின்னால் நட்ட பட்டாணிக் கொடியை அதன் தண்டுகள்மேல் இழுத்துவிடுவார். அதுவும் ஓய்ந்தால் கிளெமாட்டிஸ் கொடி. உயர்ந்த சூரியகாந்தியை முன்புறமாக வளைத்து, பூ முடிந்த செடிகள்மேல் படியவைப்பார். வளைந்த தண்டின் இலைக்கக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் பூங்காம்பு எழும்.

ஜீக்கிலுக்கு நிறமே குறிக்கோள், ஆள்வேலை வெறும் கருவிதானே என்று மறுக்கலாம். குறிக்கோள் நிறம் என்பது உண்மை. ஆனால் ஒரு செடி சாய்ந்தாலும் அந்த நிறவரிசை குலையும். டெல்பினியத்தின் தண்டு உள்ளீடற்றது. மழைநீர் ஏறிய பூக்கதிரின் பாரத்தில் காற்றடித்தால் முறியும். செடி ஓரடி வளருமுன் கொம்பு நட வேண்டும். சில ஆண்டுகளுக்கொருமுறை தூரைத் தோண்டிப் பிரித்து நட வேண்டும். உலகப் போர்களுக்குப்பின் கூலியாட்கள் அருகியபோது இவ்வேலைகளே முதலில் சுமையாயின. பின்னர் பாத்தியின் வடிவம் மாறியதற்குத் தோட்டங்கள் சிறுத்ததே காரணம் என்ற வாதமும் ஓரளவே பொருந்தும். 1950களில் நார்ஃபோக்கின் பிரெசிங்கமில் செடிப்பண்ணையாளர் ஆலன் புளூமுக்கு இடப்பஞ்சம் இல்லை. அவர் சுவரைக் கைவிட்டு, புல்வெளி நடுவே நாற்புறமும் திறந்த பாத்திகளை அமைத்தார். சுவரடியில் செடிகள் வெளிச்சத்தைத் தேடி நெடுத்துச் சாய்கின்றன, திறந்தவெளியில் தண்டு திடப்பட்டு முட்டு குறைவாகவே தேவைப்படுகிறது என்பது அவர் வாதம்.

முட்டுத் தேவையைக் குறைக்க, செல்சி மலர்க்காட்சி நடக்கும் மே மாத இறுதியில் ஃபிளாக்ஸ், ஹெலினியம் போன்றவற்றை மூன்றிலொரு பங்கு வெட்டிவிடும் முறையும் இன்று பரவலாக உள்ளது. செடி குட்டையாகத் திரண்டு, சற்றுப் பிந்திப் பூக்கும். டெல்பினியத்துக்கு இது ஆகாது. அண்மையில் நெதர்லாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஊடல்ஃப் வழியில், முட்டின்றி நிற்கும் செடிகளும் புல்வகைகளும் கலந்த நடவுகள் பெருகியுள்ளன. காய்ந்த தண்டுகள் குளிர்காலம் முடியும்வரை வெட்டப்படுவதில்லை.