கழங்கும் கொக்கானும்

விளையாட்டொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் அதன் பெயரேயாகும். யாழ்ப்பாணத்துச் சிறுமியர் முற்றத்திலோ திண்ணையிலோ இருந்து ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருமுன் நிலத்திற் கிடக்கும் கற்களை அள்ளி, எறிந்த கல்லையும் அதே கையால் ஏந்தும் ஆட்டத்தைக் 'கொக்கான் வெட்டுதல்' என்பர். தமிழகத்தில் அது ஐந்தாங்கல், தட்டாங்கல், சொட்டாங்கல், கல்லாங்காய் எனப் பலவாறு வழங்கும். மலையாளத்தில் அதன் பெயர் கொத்தங்கல்லு. பழந்தமிழ்ப் பாடல்களிலே மகளிர் ஆடுவதாகக் கூறப்படுவதோ கழங்கு. இவை யாவும் ஒன்றே என்று கூறி அப்பாற் செல்வது மேடைப் பேச்சுக்குப் போதும், வரலாற்றுக்குப் போதாது.

கழங்கு பற்றிய சான்றுகளுள் புறநானூற்றின் 36ஆம் பாட்டுத் தனியே நோக்கத்தக்கது. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் அவனை நோக்கிப் பாடியது அது. பொன்னாற் செய்த கழங்கினைக் கொண்டு இளமகளிர் ஆடும் பொருநையாற்று வெண்மணல் சிதறும்படி காவல்மரங்கள் வெட்டி வீழ்த்தப்படுகின்றன. கோடரியின் ஓசை அரண்மனைக்குள்ளே கேட்கிறது. கேட்டும் உள்ளிருப்பவன் வெளியே வரவில்லை. அத்தகையவனோடு போர் செய்தாய் என்பது நாணத்தக்கது என்பதே புலவரின் கூற்று. விளையாட்டை விளக்குவது அவர் நோக்கமன்று. முற்றுகைக்கு முன் அவ்வாற்றங்கரை எவ்வாறு இருந்தது என்பதை ஒரே அடையாளத்தாற் காட்ட வேண்டியிருந்தது. அதற்குச் சிறுமியரின் ஆட்டத்தை அவர் தேர்ந்துகொண்டார். கேட்போர் யாவரும் அறிந்த ஆட்டமாக இல்லாவிடின் அத்தேர்வு பயன் தந்திராது. பெரும்பாணாற்றுப்படையும் பட்டினத்து மாடங்களில் வாழும் மகளிர் முத்துப் போன்ற மணலிற் பொற்கழங்கு ஆடுவதைக் கூறுகின்றது. பொன்னாற் செய்தவை செல்வர் வீட்டுப் பொருள்கள். ஏனையோர்க்குக் கழற்சிக் கொடியின் வித்துக்கள் இருந்தன. முள்ளடர்ந்த அக்கொடியின் வித்து உருண்டு, கடினமாய், சாம்பல் நிறமாய், கைக்கு அடக்கமாய் இருக்கும். ஆட்டம் தன் பெயரை அக்காயிலிருந்தே பெற்றது.

எனினும் கழங்கு விளையாட்டுக் கருவி மட்டுமன்று. ஐங்குறுநூற்றின் வெறிப்பத்தில் வேலன் அதனைக் கொண்டே தலைவியின் நோய்க்குக் காரணம் பார்க்கிறான். ஒரே பொருள் மகளின் கையில் விளையாட்டாகவும் தாய் அழைத்துவந்த வேலனின் கையிற் குறியாகவும் அமைந்தது அக்காலத்தார்க்கு முரணாகத் தோன்றவில்லை. கிரேக்கரிடையேயும் இதே நிலை காணப்பட்டது. ஆட்டின் கணுக்காலெலும்பைக் கொண்டு அவர்கள் விளையாடினர், குறியும் கேட்டனர்.

ஆடும் முறையைப் பொறுத்தவரை மேற்கூறிய பாடல்கள் மௌனமாக உள்ளன. எத்தனை கழங்கு, எவ்வாறு எறிதல், எவ்வாறு ஏந்துதல் என்பன அங்கு இல்லை. இவ்விடத்திற் கிரேக்கச் சான்று தெளிவானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான பொலக்சு என்னும் சொற்றொகை ஆசிரியர் 'ஐந்து கல்' எனப் பொருள்படும் பெயருடைய ஆட்டமொன்றை விவரிக்கிறார். ஐந்தையும் எறிந்து புறங்கையில் ஏந்த வேண்டும். சில வீழ்ந்தால், ஏந்தியவை புறங்கையில் இருக்கவே வீழ்ந்தவற்றை விரல்களாற் பொறுக்க வேண்டும். இது பெண்களுக்கே உரியது போன்ற ஆட்டம் என்றும் அவர் குறிக்கிறார். நம்மூரிலும் கற்களைப் பரப்பி ஒவ்வொன்றாக, பின் இவ்விரண்டாக, பின் மூன்றும் ஒன்றுமாக, பின் நான்கையும் ஒருங்கே அள்ளி, இறுதியிற் புறங்கையில் ஏந்தி மீண்டும் உள்ளங்கைக்கு மாற்றும் முறை உண்டு. எடுக்கும்போது வேறொரு கல் அசைந்தால் ஆட்டம் அடுத்தவளுக்குப் போய்விடும்.

இவ்வொற்றுமையைக் கண்டு, தமிழரிடமிருந்து கிரேக்கர் கற்றனர் என்றோ, யவன வணிகர் கொணர்ந்தனர் என்றோ முடிவு கூறுதல் எளிது. இரண்டும் அவசர முடிவுகள். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே, தாயக்கட்டை, கணுக்காலெலும்பு, பந்து ஆகிய ஆட்டங்களைத் தாமே கண்டுபிடித்ததாக லீதியர் உரிமை கொண்டாடினர் என எரோதோத்தசு எழுதியுள்ளார். ஆக, உரிமை கொண்டாடும் வழக்கமும் மிகப் பழையதே! மேலெழுந்த பொருள் கீழே வருமுன் கை செய்யக்கூடியவை சிலவே. அவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட மக்கட் கூட்டத்தார் தனித்தனியே கண்டறிந்திருத்தல் கூடும்.

பெயர் மாறியமைக்குக் காரணத்தை ஆடுபொருளிலே தேடுவது பொருந்தும். காயின் இடத்தைக் கல் பெற்றபின் காயின் பெயர் நிலைத்திருக்க இயலாது. ஆதலின் எண்ணாலும் செயலாலும் புதுப்பெயர்கள் தோன்றின. ஐந்தாங்கல் எண்ணாற் பெற்ற பெயர். தட்டாங்கல் செயலாற் பெற்ற பெயர். கல்லாங்காய் என்பதிலோ கல்லும் காயும் அருகருகே நிற்கின்றன. கொக்கான் என்பதைக் கொக்கு இரை கொத்துவதோடு பொருத்திக் காட்டுதல் கவர்ச்சியானதே. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

இலக்கிய ஆதரவு குன்றியதும் பழம்பெயரின் மறைவுக்குத் துணைசெய்திருக்கலாம். அம்மானை பாட்டோடு கூடிய ஆட்டமாதலின் சிலப்பதிகாரத்திலும் திருவாசகத்திலும் இடம்பெற்று, பின் ஓர் இலக்கிய வடிவமாகவே வளர்ந்தது. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் கழங்கையும் எண்ணும் மரபு இருந்தது. ஆனால் 17ஆம் நூற்றாண்டிற் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் என்பனவே அமைந்தன, கழங்கு இல்லை. ஏட்டிலிருந்து பெயர் நழுவிய பின்னரும் முற்றத்தில் ஆட்டம் நின்றுவிடவில்லை. தாயிடமும் தமக்கையிடமும் கண்டு பயின்ற கைகளுக்கு ஏடு தேவைப்படவில்லை.