சட்ட நூலடுக்கும் மின்திரையும்

வக்கீலின் செல்வம் அவருடைய நூலடுக்கே என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1875-ஆம் ஆண்டில் தீர்ப்புத் திரட்டுகள் பற்றிய சட்டம் இயற்றப்பெற்றது. மறு ஆண்டிலேயே கல்கத்தா, சென்னை, பம்பாய், அலகாபாத் ஆகிய நான்கு உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் வரிசையாக அச்சேறத் தொடங்கின. ஆண்டுதோறும் தொகுதிகள் பெருகின. அவற்றை வாங்கும் செலவும் பெருகிற்று. தலைநகரத்துப் பெரிய வக்கீல் தமக்கு வேண்டிய முன்தீர்ப்பைக் கை நீட்டி எடுப்பார். சிற்றூர் முன்சீப் கோர்ட்டில் வழக்காடும் இளைஞரோ அதன் பெயரை மட்டுமே கேட்டிருப்பார். கட்சிக்காரரின் நியாயம் வலுவாயிருப்பினும், அதனை நிறுவும் கருவி கைக்கு எட்டவில்லை.

பின்னர் வந்த தட்டெழுத்துப் பொறி குமாஸ்தாவின் உழைப்பைக் குறைத்தது, இவ்வேற்றுமையைக் குறைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட மதிப்பை அளித்தது. 2007-இல் மின்நீதிமன்றத் திட்டம் தொடங்கிற்று. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் ஏறத்தாழ 34,000-ஐ எவரும் கட்டணமின்றிக் காணுமாறு மின்வடிவில் வெளியிட்டது. சிற்றூர் வக்கீலுக்கும் அந்த நூலடுக்கு உரியதாயிற்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தலைப்புக் குறிப்பை மட்டும் படித்து வாதாடும் பழக்கம் அச்சுக் காலத்திலேயே உண்டு; மின்திரை அதனை மேலும் எளிதாக்கிவிட்டது. தீர்ப்பைத் தேடித் தருவது பொறியின் வேலை. அது தம் வழக்குக்குப் பொருந்துமா என்று முழுவதும் படித்து ஓர்வது வக்கீலின் கடமை. அக்கடமையில் தவறினால் இழப்பு கட்சிக்காரருக்கே நேரும்.