சேரியின் கொந்தளிப்பு எந்தப் பாடத்தில் வரும்?

வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான புரட்சிக்குக் காரணங்கள் என்ன என்று கேட்டால், நம் பாடப்புத்தகம் 1806 ஜூலை 10-இல் போய் நிற்கும். தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் கடுக்கனுக்கும் தடை. வேலூர்ச் சிப்பாய்களின் ஆத்திரத்துக்கு இவை உண்மையான காரணங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, அதே காலத்தில் சேரி எதனால் கொதித்தது என்பதை நாம்தான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

தேர்வாய் கண்டிகை இருக்கும் இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1763-இல் நவாப் இதைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இங்கே ஊர் நிலம் பெரும்பாலும் வேளாளர், பார்ப்பன மிராசுதாரர் கையில். கம்பெனிக்கு வரி வேண்டும். அதனால் அந்த மிராசு உரிமையை அது ஏற்றுக்கொண்டது. தரிசு நிலம் கேட்டு ஒரு படியாள் தர்க்காஸ்து மனு போட்டால், அந்த நிலத்துக்கு மிராசுதாரருக்கே முதல் உரிமை. மனு போட்டவர் குடியிருந்த மனைக்கட்டும் பல ஊர்களில் மிராசுதாரருடையதே. கேட்டால் குடிசையும் போகும். 1843 சட்டம் அடிமை முறையை ஏட்டில் ஒழித்தது, இந்தப் பூட்டை அது தொடவில்லை.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். அவரை நாம் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் அவர் சொன்னதில் பலவற்றை அன்றைய வருவாய் வாரியம் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டில் நீலகிரியில் அயோத்திதாசர் மாநாடு கூட்டித் தீர்மானங்களைக் காங்கிரசுக்கு அனுப்பினார். கலெக்டர் எழுதியதால் மட்டும் 1892 செப்டம்பர் 30 அரசாணை வந்துவிடவில்லை. பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்களின் கணக்கு. அதை மீட்கப் போராடிய காரணையில் 1994-இல் துப்பாக்கிச்சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். சுட்டது சுதந்திர நாட்டுப் போலீஸ்.

தேர்வாய் கண்டிகையில் நடந்ததும் அதே பதிவேட்டின் கதைதான். தலித் மக்கள் ஆடுமாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, ஏரிக்குத் தண்ணீர் கொடுத்த காடு, அரசுக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு'. அதாவது, ஊரார் பயன்படுத்தலாம், ஊரார் பெயர் இருக்காது. சுமார் 1,127 ஏக்கர் சிப்காட்டுக்குப் போனது. 2009-இல் மிஷ்லின் டயர் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஊர் மறியல் செய்தது, கைதானது, நீதிமன்றம் போனது. 2012-இல் ஊர்ச் சங்கமும் மற்ற அமைப்புகளும் பிரான்ஸ் வரை புகார் கொண்டுபோயின. அந்தப் புகாரிலும் ஊர் கேட்டது 1891-இல் கேட்டதைத்தான்: இந்த நிலத்தில் எங்களுக்கு என்ன உரிமை?