வாவியின் வாயிலில் நின்ற நீராவிக் கப்பல்

சம்மாந்துறை கடலோர ஊரன்று. வாவி நீரும் இன்று அதன் சந்தையை எட்டுவதில்லை. வயல் சூழ்ந்த அவ்வூரின் பெயரிலே 'துறை' அமைந்தது எங்ஙனம்? 'சம்பான்' எனும் படகுகள் வந்தடைந்த துறையாதலின் சம்பான்துறை என வழங்கிப் பின்னர் சம்மாந்துறை எனத் திரிந்தது என்பர் அவ்வூரார். இவ்விளக்கத்தை ஏற்பினும் மறுப்பினும், அயலூர்ப் பெயர்கள் அதற்குத் துணை நிற்கின்றன. துறைநீலாவணை, அம்பிளாந்துறை என்பன படகு தங்கிய இடங்கள். கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை, மண்முனை என்பன நிலம் நீருக்குள் நீண்ட இடங்கள். நிலத்தில் நடந்து வந்தோரைக் காட்டிலும், நீரில் நின்று கரையை நோக்கியோரே இப்பெயர்களை இட்டிருத்தல் வேண்டும் எனக் கருத இடமுண்டு.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிடர் எழுவான்கரை. மேற்கே விரிந்த நெல்நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு இருகரைக்கும் பெயரிட்ட மக்கள், அவ்விரண்டையும் ஒரு வாழ்வாகவே கொண்டிருந்தனர். எழுவான்கரையிலே வீடும் கோயிலும் பள்ளிவாசலும் தெங்கந்தோட்டமும். படுவான்கரையிலே வயலும் வாடியும் மாட்டுப்பட்டியும். தமிழ்ப் போடியாராயினும் சோனகப் போடியாராயினும் விதைப்புக்கு ஒரு முறை, அறுவடைக்கு ஒரு முறை வாவியைக் கடந்தே ஆகல் வேண்டும். சூடு மிதித்த நெல் தோணியேறி வந்து சேர்ந்தாலன்றி எழுவான்கரையில் உலை கொதியாது.

இக்கடவையின் கருவிக்கு இப்பகுதியார் இட்ட பெயர் 'பாதை' என்பது. தோணிகளை அருகருகே பிணைத்து, மேலே பலகை பரப்பி, ஆளையும் வண்டியையும் மாட்டையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் மிதவையே அது. பிற்காலத்தில் இரும்பு மிதவையும் இயந்திரமும் வந்தன. நீரின் மேல் நகரும் ஒன்றைப் 'பாதை' என்றழைப்பதை வெளியூரார் விந்தையாகக் கருதுவர். மண்முனையிலும் குருமண்வெளியிலும் காத்து நின்றவர்க்கோ அதனிற் பொருத்தமான சொல் வேறில்லை. பிரித்தானியர் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, இலங்கைத் தீவெங்கும் வீதி, கால்வாய், ஓடத்துறை ஆகியவற்றின் ஆயங்கள் ஆண்டுதோறும் குத்தகைக்கு விடப்பட்டன. கடப்பவன் செலுத்திய காசு குத்தகையாளன் கைவழியே அரசிறையாயிற்று.

மேனாட்டு ஏரிகளிலே இக்காலத்தில் நிகழ்ந்தது வேறு. சுவிற்சலாந்தின் ஜெனீவா ஏரியில் 1823ஆம் ஆண்டிலேயே 'கியோம் தெல்' எனும் நீராவிப் படகு ஓடத் தொடங்கிற்று. போட்டியிட்ட கொம்பனிகள் 1873இல் ஒன்றாயின. அவ்வேரி 300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடையது. நம் வாவியோ மிக ஆழ்ந்த இடத்திலும் 4 மீற்றரளவினதே. அதன் முகத்துவாரத்தை மணல் அடைப்பதும் மாரி வெள்ளம் உடைப்பதும் ஆண்டுதோறும் நிகழும் செயல். பெருங்கப்பல் உள்நுழைய வழியில்லை.

ஆயினும் நீராவி இக்கரையை அணுகாமலில்லை. இலங்கை நீராவிக் கப்பற் கொம்பனியின் கப்பல்கள் தீவைச் சுற்றிவந்தபோது மட்டக்களப்பிலும் நங்கூரமிட்டன. 'லேடி ஹவ்லொக்' அவற்றுள் ஒன்று. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராயச் சென்றதும் அதே கப்பலிலேதான். இக்கப்பல்கள் வெளியே ஆழ்கடலில் நின்றன. படகுகளே ஆட்களையும் பொருள்களையும் கரைக்கும் கப்பலுக்குமிடையே ஏற்றியிறக்கின. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அத்தொழில் உயிரைப் பணயம் வைப்பதாகவே இருந்திருக்கும். பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டு எழுந்த வெளிச்சவீடு அக்காலத்தின் சான்றாக இன்றும் நிற்கின்றது. நீராவியின் பெருமை வாவியின் வாயிலோடு நின்றது. உள்ளே கோலும் துடுப்புமே ஆட்சி செலுத்தின.

இவ்வமைப்பைக் குலைத்தவை இரண்டு. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது. அதே பத்தாண்டில் கல்லடியிலே வாவிக்குக் குறுக்கே இரும்புப் பாலம் அமைந்தது. அதற்குத் தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயர் இடப்பட்டது. முன்னைய தேசாதிபதியொருவரின் மனைவியார் பெயரைக் கப்பலுக்கு இட்டவர்கள், இப்போது பாலத்துக்கு இட்டனர்! பெயரிடும் வழக்கம் மாறவில்லை. பயணத்தின் வழியே மாறிற்று. புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்தமையால், அதற்குத் தெற்கே ஏறத்தாழ 25 மைலில் உள்ள கல்முனை கடற்கரை வீதியையும் பேருந்தையும் லொறியையும் நம்பலாயிற்று. வணிகம் துறையை விட்டு வீதிக்கு ஏறியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானபோது ஒரே வாவி இரு மாவட்டங்களுக்குரியதாயிற்று.

எனினும் வயல் இடம்பெயரவில்லை. வடக்குத் தெற்குப் பயணத்தை வீதி எடுத்துக்கொண்டதேயன்றி, கிழக்கு மேற்குக் கடவை பாதையிடமே பெரிதும் எஞ்சிற்று. அதன் அருமையை 1990இன் பின் வந்த ஆண்டுகளே உணர்த்தின. படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை அரச படைகளின் கட்டுப்பாட்டிலும் இருந்த அக்காலத்தில், துறைகள் எல்லைச் சாவடிகளாயின. மாணவரும் நோயாளரும் சோதனைக்குக் காத்திருந்தே கடந்தனர். முஸ்லிம் வேளாளர் பலர் உறுதி கையிலிருந்தும் தத்தம் வயலை ஆண்டுக்கணக்கில் மிதிக்க இயலாதிருந்தனர். நூற்றாண்டுகளாக இரு சமூகத்தையும் ஒரே பலகையில் நிறுத்திய கடவை அறுபட்டமை, நெல்லிழப்பினும் பெரிய இழப்பென்றே கொள்ளத்தக்கது. 2007இல் கிழக்கு முழுவதும் அரச கட்டுப்பாட்டுள் வந்த பின்னரே துறைகள் மெல்ல மெல்லத் திறந்தன.

2013இல் கல்லடியிற் புதிய பாலமும், 2014இல் மண்முனையிற் பாலமும் திறக்கப்பட்டன; மண்முனைப் பாதை அத்துடன் ஓய்ந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்குமிடையே அதன் பின்னரும் பாதை ஓடிற்று. கல்முனைக்கு மேற்கே கிட்டங்கியில் தாம்போதி ஒன்று நாவிதன்வெளிப் பக்கத்துக்கு வழிவிட்டது. மாரி மிகுந்த ஆண்டுகளில் வெள்ளம் தாம்போதியை மேவிப் பாய, வீதி நீருள் மறையும். அவ்வேளைகளில் இருகரையிலும் நின்ற மக்களை ஏற்றிச் செல்லத் தோணிகள் மீண்டும் வந்தன.