எட்டுப் பக்கங்கள்: எளிய வாசிப்பு நூல்களின் வரலாறு

அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்காக எளிமையாக எழுதுவது என்றதும் மருத்துவமனைத் துண்டறிக்கைகளும் அரசு விண்ணப்பப் படிவங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வரலாறு வேறுவிதமாகத் தொடங்கியது. அது புத்தகங்களில் தொடங்கியது.

ஸ்வீடனில் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய குழந்தைகளை 'கற்பிக்கத்தக்கோர்', 'கற்பிக்க இயலாதோர்' என இரு கூறாக்கி, முதல் கூறுக்கு மட்டுமே பள்ளியைத் திறந்துவிட்டது. 1967-இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் அந்தக் கோட்டை அழித்து, கல்வியை அனைவருக்கும் உரிமையாக்கியது. சரி, படிக்கக் கற்றுக்கொண்டவர் எதைப் படிப்பது? முப்பது வயது மனிதர் ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிப்பார். வேலை, காதல், மரணம் எல்லாம் அறிந்தவர். அவர் கைக்கு எட்டியவையோ முயலும் கரடியும் பேசும் பாலர் நூல்கள். 1968-இல் ஸ்வீடனின் தேசியக் கல்வித் துறை சோதனை முயற்சியாக எளிய வாசிப்பு நூல்களை வெளியிடத் தொடங்கியது இந்த இடைவெளியை நிரப்பத்தான். ஏற்கெனவே உள்ள நாவல்களைச் சுருக்கித் தருவதோடு நில்லாமல், இந்த வாசகருக்கென்றே புதிதாக எழுதப்பட்ட படைப்புகளையும் அவ்வரிசை சேர்த்துக்கொண்டது. என்னளவில் அதன் பெரிய துணிவு இதுதான். சுருக்கம் என்றுமே மூலத்தின் நிழலில் நிற்கும்; புதிதாக எழுதப்பட்டதற்கு அந்தச் சங்கடமில்லை.

1984-இல் செய்தித்தாள் வந்தது. பெயர் 'எட்டா சீடோர்', அதாவது எட்டுப் பக்கங்கள். 1987-இல் நூல்களும் செய்தித்தாளும் எளிய வாசிப்பு மையம் என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன. அம்மையத்தின் ப்ரோர் ட்ரொன்பாக்கே தொகுத்த நெறிமுறைகளை 1997-இல் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு வெளியிட்டது. 2015 முதல் அந்தப் பணி அரசு முகமை ஒன்றின் வசம் உள்ளது.

இதுவரை சொன்னதெல்லாம் எழுதுவோரின் கதை. 'இது எளிது' என்று தீர்ப்புச் சொன்னவர்கள் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும். வாசகர் தரப்பு வேறு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தது. 1970-இல் மால்மோ நகரில் அறிவுத்திறன் குறைபாடு உடைய ஐம்பது பேர் மாநாடு கூடி, தங்கள் வீடு, வேலை, ஓய்வுநேரம் பற்றித் தாங்களே விவாதித்தார்கள். 1974-இல் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் 'முதலில் மனிதர்கள்' என்று பொருள்படும் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' இயக்கம் பிறந்தது. தன் பெயரைத் தானே சூட்டிக்கொண்ட வாசகர், தனக்கான வாக்கியத்தையும் தானே சோதிக்கக் கேட்பது அடுத்த படிதானே?

அந்தப் படி ஐரோப்பாவில் எட்டப்பட்டது. 2009-இல் 'இன்க்ளூஷன் யூரோப்' அமைப்பு வெளியிட்ட நெறிமுறைகளை எட்டு நாடுகளைச் சேர்ந்த அறிவுத்திறன் குறைபாடு உடையோரும் உடனிருந்து உருவாக்கினார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்கு, உருவகத்தைத் தவிர், சதவீதங்களையும் பெரிய எண்களையும் தவிர், வளர்ந்தவருக்கான பிரதியில் குழந்தைப் படம் போடாதே. கடைசி விதியில் 1968-இன் பழைய வலி அப்படியே தெரிகிறது. 'எங்களைச் சேர்க்காமல் எங்களுக்காக எழுதாதீர்கள்' என்பது துணைக் கையேடு ஒன்றின் தலைப்பு. (உருவகம் கூடாதென்ற விதி இலக்கியவாதியை உறுத்தும். என்னையும் உறுத்துகிறது. ஆனால் எனக்காகச் செய்யப்பட்ட விதியல்ல அது.)

இதற்கிடையே 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, பொதுக் கட்டடங்களில் எளிதில் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க அறிவிப்புகள் வேண்டுமென்று தன் ஒன்பதாம் விதியில் சொல்லிவிட்டது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் தகவல்தொடர்புக்கான வரையறையில் எளிய மொழியைச் சேர்த்திருக்கிறது.

விதிகள் மொழியின் உடலோடு மோதிய இடம் ஜெர்மனி. சொற்களை ஒட்டி ஒட்டி நீட்டும் மொழி அது. எளிய மொழி இயக்கத்தினர் நாடாளுமன்றத்தைக் குறிக்கும் 'புண்டெஸ்டாக்' என்ற சொல்லையே சிறுகோடிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இது எழுத்துப்பிழையைக் கற்றுக்கொடுப்பதாகும் என்று மொழியியலாளர் சிலர் எதிர்த்தனர். ஹில்டெஸ்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுகோட்டுக்குப் பதில் நடுப்புள்ளி வைத்தார்கள். தமிழ் வாசகருக்கு இச்சண்டை அந்நியமல்ல. 'வாக்குரிமையற்றோர்' என்று புணர்ச்சியோடு எழுதுவதா, 'வாக்கு உரிமை இல்லாதவர்கள்' என்று பிரிப்பதா என்ற கேள்வி நம்மிடமும் இருக்கிறது. நாம் அதை இலக்கண மரபின் கேள்வியாகவே கேட்டுப் பழகிவிட்டோம், யாரால் படிக்க முடிகிறது என்ற கேள்வியாக அல்ல.

2017-இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத் தேர்தலுக்கான வாக்காளர் அறிவிப்பு எளிய மொழியில் அச்சாகி எல்லா வாக்காளர் வீடுகளுக்கும் போயிற்று. கேலியும் புகாரும் குவிந்தன. எங்களை அறிவிலிகள் என்று நினைத்தீர்களா என்பதே அவற்றின் சாரம். கேலி செய்தவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தம் எல்லா விவகாரங்களுக்கும் சட்டக் காப்பாளர் நியமிக்கப்பட்டவர்களுக்கு அப்போது ஜெர்மனியின் கூட்டாட்சித் தேர்தலில் வாக்கே கிடையாது. அவர்கள் 80,000-க்கும் மேற்பட்டோர். கையில் எவ்வளவு எளிய அறிவிப்பைக் கொடுத்தாலும் அவர்கள் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாது. அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு மே 26 அன்று நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், விண்ணப்பித்தவர்கள் வாக்களித்தார்கள்.