கண்ணுக்குத் தெரியாத கோல்

போன வாரம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பும்போது, ரூம்மேட் ஒரு ஐலைனர் பேனாவை நீட்டினா. "ஒரே இழுப்புதான், பயப்படாதே"ன்னா. காலேஜ் நாள்லேர்ந்து பிரஷ்ஷோட போராடிப் பாண்டா கரடியாவே திரிஞ்ச எனக்கு, முதல் முறையா கோடு நேரா வந்துச்சு.

இது பழைய கஷ்டம்தான். திருக்குறள்லயே (1285) ஒரு தலைவி சொல்றா: மை தீட்டும்போது கண்ணுக்குக் கோல் தெரியாது, அதே மாதிரி, அவர் எதிரே வந்தா அவர் தப்பு எனக்குத் தெரியறதில்லை.

பேனாவோட சூட்சுமம் நுனியில இருக்கு. 1962இல் ஜப்பான்ல யுகியோ ஹோரியே நார்முனைப் பேனாவை உருவாக்கினார். விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி, நார்களுக்கு நடுவுல மை தானா நுனிக்கு வரும். ஐலைனர் பேனாவும் அதே தத்துவம்தான்.

சரி, கோல் பிரச்சினை தீர்ந்தது. மை?

பண்டைய எகிப்தியர் கலீனாவை, அதாவது ஈய சல்பைடை, அரைச்சுக் கண்ணுக்கு இட்டாங்க. லூவர் அருங்காட்சியகத்தில் இருந்த அவங்க மைப் பொடிகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அதுல சில ஈய உப்புகள் செயற்கையா தயாரிக்கப்பட்டவைன்னு 1999இல் எழுதினாங்க. மிகக் குறைந்த அளவில் அந்த உப்பு தோல் செல்களோட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டலாம்னு 2010இல் இன்னொரு ஆய்வு சொன்னது. உடனே "பார்த்தியா, முன்னோர்கள் முட்டாள்கள் இல்ல"ன்னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. ஈயம் உடம்புல சேர்ந்தா, குழந்தைகளோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

புதுசுன்னா மட்டும் பத்திரமா? 1933 வாக்கில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்'னு ஒரு இமைச் சாயம் வித்தது. அதைப் போட்டுக்கிட்ட சில பெண்களுக்குப் பார்வை போச்சு. ஆனா தடுக்க வழியில்லை. ஏன்னா 1906ஆம் வருஷத்து உணவு, மருந்துச் சட்டத்தில் அழகுசாதனமே கிடையாது. 1938இல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் அதுவும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

இதையெல்லாம் படிச்சுட்டு ரூம்மேட்டோட மேக்கப் பையைக் கிளறினேன். பேனாவில் என்னென்ன கலந்திருக்குன்னு அச்சாகியிருந்தது. பக்கத்துல ஒரு சுர்மா டப்பா, லேபிளே இல்லை.

"இது யாருக்கு?"

"அக்கா குழந்தைக்குடி. ஊருக்குப் போறப்போ குடுக்கணும்."

டப்பா குப்பைக்குப் போச்சு. அக்காவுக்கும் அன்னிக்கே போன் போட்டோம்.

கோல் கண்ணுக்குத் தெரியாது, சரி. அதுல இருக்கிற மை என்னன்னாவது தெரிஞ்சுக்கலாமே. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!