கப்ளருக்குள் ஒரு நாக்கு

பல்பும் பியூஸும் சரியாக இருந்தும் காரின் விளக்கு எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் அடுத்துப் பார்ப்பது கப்ளரை. அந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒயரின் முனையில் இருக்கும் சிறு உலோகத் துண்டுதான் டெர்மினல். பிரெஞ்சில் 'கோஸ்' என்பார்கள். பள்ளியில் நான் பட்டாணி நெற்றுக்குக் கற்ற சொல்லும் அதுவே!

நம் அம்பாசடரில் இந்தக் கூடெல்லாம் கிடையாது. அது ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த வண்டி. தோட்டா வடிவ முனையை ரப்பர் உறை போட்ட சிறு குழாயில் செருகுவார்கள். கையால் இழுத்தால் வந்துவிடும். குண்டும் குழியுமான ரோட்டில் சில சமயம் இழுக்காமலும் வந்துவிடும். கழலக் கூடாது என்பதற்காகவே பூட்டு வந்தது.

இதில் ஒரு பழைய பெயரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து வாரன் நகரில், 1890-ல் பேக்கார்ட் சகோதரர்கள் மின்சாமான் கம்பெனி தொடங்கினார்கள். 1899-ல் கார் செய்தார்கள். 1903-ல் கார் கம்பெனி டெட்ராய்ட்டுக்குப் போயிற்று. மின்சாமான் கம்பெனி வாரனிலேயே தங்கியது. அதை 1932-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. பணக்காரர் வீட்டு வாசலில் நின்ற பேக்கார்ட் கார் 1958-ல் நின்றுபோனது. ஒயர்க் கம்பெனி நிற்கவில்லை. தண்ணீர் புகாத 'வெதர்பேக்' கப்ளர் பின்னாளில் அங்கிருந்து வந்ததுதான்.

ஒயரை ஈயம் வைத்துப் பற்றாமல் நசுக்கியே பிடிக்கும் டெர்மினலைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் விட்டேக்கர். அவர் 1941-ல் தொடங்கிய ஏ.எம்.பி. கம்பெனி முதலில் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் செய்தது.

நான் வண்டி பில்கள் பார்த்த பிரிவில், தொண்ணூறுகளில் ஒரு பில் வந்தது. ஒரே ஒரு டெர்மினல் கருகியதற்கு முழு வயரிங் செட்டுக்கும் தொகை! கையால் இழுத்து ஒயரை அறுத்து, கப்ளரையும் உடைத்திருந்தார்கள். ஆடிட்டில் கேட்பார்களே என்று நான் குறிப்பு எழுதித் திருப்பினேன். பிறகு வந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒரு குடைக்கம்பியைத் தட்டையாக்கி, ஐந்தே நிமிடத்தில் கழற்றினார்.

வித்தை இவ்வளவுதான். முதலில் பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். கப்ளரின் பின்புறம் மூடி இருந்தால் திறக்க வேண்டும். டெர்மினலின் உடம்பில் நாக்குப் போல ஒரு தகடு வெளியே நீட்டிக் கூட்டைப் பிடித்திருக்கும். ஒயரைச் சற்று முன்னே தள்ளினால் அதன் பிடி தளரும். முன்பக்கம் மெல்லிய கம்பியை விட்டு நாக்கை அமுக்கினால் ஒயர் பின்னால் வழுக்கி வரும். வெதர்பேக்கில் நாக்கு இரண்டு. அதற்குக் குழல் போன்ற கருவி வேண்டும். சில ரகங்கள் பின்னால் வரவே வராது, முன்னால்தான் தள்ள வேண்டும். சிலவற்றில் நாக்கு பிளாஸ்டிக்கிலேயே இருக்கும். எது என்று பார்க்காமல் இழுப்பவர்தான் உடைக்கிறார்.

திரும்பச் செருகுமுன் அமுங்கிய நாக்கை நிமிர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் டெர்மினல் உள்ளே போகும், ஆனால் நிற்காது. கப்ளரைச் சேர்க்கும்போது பின்னால் நழுவி, மறுபடியும் விளக்கு எரியாது.